ஒரே ரௌட்டர், மூன்று நெட்வொர்க்... உங்க வீட்டு வைஃபைக்குத் திண்ணை இருக்கா?

ராத்திரி பத்தரை மணி. தாத்தா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று டிவியில் செய்தி மறைந்து, ஒரு கார்ட்டூன் பூனை குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தது. தாத்தா ரிமோட்டைத் தேடி எடுத்துச் செய்திக்குத் திரும்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் பூனை!

"டிவிக்குள்ள யாரோ பூந்துட்டாங்கடி" என்று என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மாடியில் குடியிருப்பவர்களின் மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அம்மாவின் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே, திரையின் மூலையில் இருக்கும் 'காஸ்ட்' குறியைத் தட்டியிருக்கிறான். அவன் போன் எங்கள் வைஃபையில் இருந்தது. எங்கள் டிவியும் அதே வைஃபையில் இருந்தது. பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? போன மாதம் அக்காவின் வளைகாப்பை எங்கள் தஞ்சாவூர் வீட்டிலேயே வைத்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க, பதில் சொல்லி அலுத்துப்போய், ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியதே நான்தான்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்தவள், லீவு தொடங்கும்வரை இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு சின்னப் பையனே தெரியாம நம்ம டிவியைத் தொட முடியுதுன்னா, தெரிஞ்சு ஒருத்தன் வந்தா என் ஆபீஸ் லேப்டாப்பை என்ன பண்ணுவான்?" என்றாள்.

அதன் பிறகுதான் அந்த வைஃபையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். அப்பாவின் கம்ப்யூட்டர், அதில் பத்திரம், பட்டா, பேங்க் பாஸ்புக் என்று எல்லாவற்றின் ஸ்கேன் பிரதியும். அம்மா பிளவுஸ் ஆர்டர் எடுக்கும் டேப்லெட். பிரின்டர். வாசலில் இருக்கும் சிசிடிவி கேமரா. ஆன்லைனில் மலிவாக வாங்கிய இரண்டு ஸ்மார்ட் பல்புகள். கூடவே, வளைகாப்புக்கு வந்து போன ஐம்பது, அறுபது போன்கள். எல்லாம் ஒரே கூடத்தில்!

ஒரு வாசலுக்குள் பல வாசல்

பெரியம்மா மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, லாட்ஜ், கிளினிக், சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் வேலை செய்கிறார். அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணா, தனியா இன்னொரு கனெக்‌ஷனும் இன்னொரு ரௌட்டரும் வாங்கிடவா?"

"எதுக்கும்மா வீண் செலவு? இருக்கிற பெட்டியையே மூணாப் பிரிச்சிடலாம். பெட்டி ஒண்ணுதான், உள்ள கணக்கு மட்டும் மூணு" என்றார்.

அந்தக் கணக்குக்கு நெட்வொர்க் மொழியில் 'விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்' என்று பெயர். 'லாஜிக்கல் இன்டர்ஃபேஸ்' என்றும் சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸ் என்றால் வாசல். ரௌட்டரின் பின்பக்கம் கேபிள் செருகும் துளைகள் இருக்கின்றனவே, அவை கண்ணுக்குத் தெரியும் வாசல்கள். ஒரு நிஜ வாசலுக்குள்ளேயே மென்பொருள் மூலம் இரண்டு, மூன்று, பத்து என்று வாசல்களை உண்டாக்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றும் ரௌட்டரைப் பொறுத்தவரை முழு வாசல்தான். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு, தனிச் சட்டதிட்டம் உண்டு.

அண்ணன் ஒரு தாளில் எங்கள் வீட்டுக்கு இப்படி எழுதிக்கொடுத்தார்.

10 - குடும்பம். வாசலின் முகவரி 192.168.10.1. லேப்டாப்கள், எங்கள் போன்கள், பிரின்டர்.

20 - சாமான்கள். வாசலின் முகவரி 192.168.20.1. கேமரா, பல்பு, டிவி.

30 - விருந்தாளிகள். வாசலின் முகவரி 192.168.30.1. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும்.

ஆபீஸ்களில் இருக்கும் ரௌட்டர்களில் இதைப் பார்த்தால், வாசலின் பெயருக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து எண் போட்டிருப்பார்கள். 0/0 என்பது நிஜ வாசல் என்றால், 0/0.10, 0/0.20, 0/0.30 ஆகியவை அதற்குள் இருக்கும் மூன்று கற்பனை வாசல்கள். கேபிள் என்னவோ ஒன்றுதான்!

ஒரே மூட்டையில் மூன்று வீட்டுத் துணி

ஒரே கேபிளில் மூன்று நெட்வொர்க் தகவலும் போனால் கலந்துவிடாதா? எனக்கும் இதே சந்தேகம் வந்தது.

சலவைக்குத் துணி போடுவோம் அல்லவா? தெருவில் உள்ள எல்லா வீட்டுத் துணியும் ஒரே மூட்டையில்தான் போகும். ஆனாலும் நம் சட்டை நம்மிடமே திரும்பி வரும். காரணம், காலரின் உள்பக்கம் போட்டிருக்கும் சலவைக் குறி. நெட்வொர்க்கிலும் அதே கதைதான். ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவுக்கு ஒரு சின்னக் குறி செருகப்படுகிறது. 'இது 10-ஐச் சேர்ந்தது', 'இது 30-ஐச் சேர்ந்தது' என்று அதில் எண் இருக்கும். போய்ச் சேர வேண்டிய இடம் வந்ததும் குறியை எடுத்துவிட்டுப் பொட்டலத்தை ஒப்படைத்துவிடுவார்கள். உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ இப்படி ஒரு குறி இருந்ததே தெரியாது.

இந்த முறைக்கு 'வி-லேன்' என்று பெயர். எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒரே மாதிரி குறி போட வேண்டும் என்பதற்காக, ஐஇஇஇ அமைப்பு 1998-ல் 802.1க்யூ என்ற தர விதியை வெளியிட்டது. குறியில் எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன்படி 4,096 எண்கள் கிடைக்கும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறு வேலைக்குப் போக, மிச்சம் 4,094. ஒரு வீட்டுக்கு மூன்று போதும். பல்கலைக்கழகம், மருத்துவமனை, ஐடி கம்பெனி போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

பாதுகாப்போடு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் அடிக்கடி தண்டோரா போடும். 'இந்த முகவரி யாருடையது? பதில் சொல்லுங்கள்' என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். ஆயிரம் கருவிகள் ஒரே ஊரில் இருந்தால் தண்டோரா சத்தமே பெரும் தொல்லை. சின்னச் சின்ன ஊர்களாகப் பிரித்துவிட்டால் ஓர் ஊரின் தண்டோரா அடுத்த ஊருக்குக் கேட்காது.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

'பல்பை ஹேக் பண்ணி என்ன கிடைக்கப் போகுது?' என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நிஜச் சம்பவங்களைச் சொன்னேன்.

முதலாவது, 2016 அக்டோபர் 21. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை என்று பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. காரணம் 'மிராய்' என்ற நச்சு நிரல். அது பிடித்து வைத்திருந்த படையில் இருந்தவை பெரும்பாலும் சிசிடிவி கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், வீட்டு ரௌட்டர்கள். 'அட்மின்', '12345' போன்று கம்பெனியே வைத்து அனுப்பிய 60-க்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டி உள்ளே நுழைந்தது. அதை எழுதியதாக ஒப்புக்கொண்ட மூவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள்.

இரண்டாவது, 2013-ல் 'டார்கெட்' என்ற அமெரிக்கக் கடைத்தொடரில் நடந்த திருட்டு. சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் பறிபோயின. திருடர்கள் முதலில் கையில் எடுத்தது, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ்வேர்டை. அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து பில் போடும் இயந்திரங்கள்வரை போய்விட்டார்கள். முக்கியமான பகுதிகளைச் சரியாகத் தனிமைப்படுத்தி வைக்கவில்லை என்பதை, 2014-ல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆக, பல்பு திருடனுக்குத் தேவையில்லை. பல்பு இருக்கும் கூடத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தேவை. வீட்டு வைஃபையைக் குறைந்தது மூன்றாகப் பிரிக்க வேண்டும், வீட்டாருக்கு ஒன்று, விருந்தாளிகளுக்கு ஒன்று, ஸ்மார்ட் சாமான்களுக்கு ஒன்று என்று அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. அண்ணன் தாளில் எழுதியதும் அதே மூன்றுதான்.

நான் செய்த தப்பு... இரண்டு!

ஆர்வக்கோளாறில் அன்று இரவே உட்கார்ந்தேன். ரௌட்டரின் உள்பக்கத்தைத் திறந்ததும் 'வி-லேன் ஐடி' என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டது. 'ஆஹா, இதுதானே!' என்று அங்கிருந்த எண்ணை அழித்து 10 என்று போட்டு சேவ் கொடுத்தேன். அவ்வளவுதான், ரௌட்டரில் சிவப்பு விளக்கு. நெட் போய்விட்டது.

நான் மாற்றியது வீட்டுப் பக்கத்து எண் அல்ல, 'வேன்' எனப்படும் வெளிப்பக்கத்து எண். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கும் பல நிறுவனங்கள் ஒரே கண்ணாடி இழையில் இன்டர்நெட், போன், டிவி ஆகியவற்றைத் தனித்தனிக் குறி போட்டுத்தான் அனுப்புகின்றன. நான் குறியை மாற்றியதும், 'இந்தத் துணி எங்களுடையது இல்லை' என்று அந்தப் பக்கம் கைவிரித்துவிட்டது. பழைய எண்ணையும் நான் குறித்து வைக்கவில்லை. மறுநாள் ஆள் வந்து சரிசெய்யும்வரை அக்கா போன் ஹாட்ஸ்பாட்டில் மீட்டிங் பார்த்தாள். என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இரண்டாவது தப்பு இன்னும் முக்கியமானது. எங்கள் பழைய பெட்டியில் மூன்றாகப் பிரிக்கும் வசதி இல்லை என்பதால், அண்ணன் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு ரௌட்டரைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் சொல்லச் சொல்ல மூன்று வாசல்களையும் உண்டாக்கிவிட்டேன். வேலை முடிந்தது என்று எழுந்தபோது, "இரு, சோதிச்சுப் பாரு" என்றார். விருந்தாளி வைஃபையில் என் போனை இணைத்து, பிரின்டரின் முகவரியை பிரவுசரில் அடித்தேன். பிரின்டரின் பக்கம் ஜம்மென்று திறந்தது!

"ரௌட்டரோட வேலையே ஒரு நெட்வொர்க்கையும் இன்னொரு நெட்வொர்க்கையும் இணைக்கிறதுதான். நீ மூணு வாசல் வச்சா, மூணுக்கும் நடுவுல அது சந்தோஷமா வழி விடும். வாசல் வச்சா போதாது, தாழ்ப்பாளும் போடணும்" என்றார் அண்ணன்.

அந்தத் தாழ்ப்பாளுக்குப் பெயர் 'ஃபயர்வால்' விதி. எங்கள் வீட்டில் கடைசியாகப் போட்டவை இவைதான்.

• குடும்பத்திலிருந்து சாமான்களுக்குப் போகலாம். கேமராவைப் பார்க்க வேண்டுமே!

• சாமான்கள் தாமாகக் குடும்பத்துக்குள் வர முடியாது. கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லலாம்.

• விருந்தாளிகள் இன்டர்நெட்டுக்குப் போகலாம். வீட்டுக்குள் வேறு எங்கும் போக முடியாது. ரௌட்டரின் செட்டிங் பக்கத்தையும் திறக்க முடியாது.

மறுபடியும் பிரின்டர் முகவரியை அடித்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. ஒரு பக்கம் திறக்காததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்வது?

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சாதாரண வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தாலே, வாசல், தாழ்ப்பாள் இரண்டையும் பெரும்பாலும் ரௌட்டரே போட்டுக்கொள்ளும்.

1. உங்கள் வைஃபையில் இருந்தபடியே பிரவுசரைத் திறந்து, ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

2. உள்ளே போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

3. எதையும் தொடும் முன், இருக்கும் செட்டிங்கை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'வேன்' என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். என் அனுபவம் போதும்!

4. 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' பகுதியில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள்.

5. விருந்தாளிகள் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 'ஐசொலேஷன்' என்று இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

6. கடைசியாகச் சோதனை. விருந்தாளி வைஃபையில் ஒரு போனை இணைத்து, உங்கள் பிரின்டர் அல்லது கேமராவின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால் தாழ்ப்பாள் விழவில்லை என்று அர்த்தம். சில பெட்டிகளில் இரண்டாவது பெயர் வைத்தாலும், உள்ளே இரண்டும் ஒரே நெட்வொர்க்காகவே இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சோதனை செய்தால்தான் தெரியும்.

ஒரே ஒரு கெஸ்ட் நெட்வொர்க்தான் கிடைக்கிறதா? கேமரா, பல்பு போன்றவற்றையும் அதிலேயே போட்டுவிடுங்கள். ஐசொலேஷனால் கேமராவை வீட்டுப் போனிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் போகலாம். இன்டர்நெட் வழியாக வேலை செய்யும் செயலி என்றால் பிரச்னை இல்லை.

கடை, கிளினிக், லாட்ஜ், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும், பில் போடும் கம்ப்யூட்டரும், சிசிடிவியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது. வி-லேன் வசதி உள்ள ரௌட்டரும், 'மேனேஜ்டு' வகை சுவிட்சும் வேண்டும். போட்டுக்கொடுப்பவரிடம், 'வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து பில் கம்ப்யூட்டரைத் திறக்க முடிகிறதா? என் கண் முன்னால் சோதித்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

சில சந்தேகங்கள்

மூன்றாகப் பிரித்தால் நெட் வேகம் கூடுமா?

கூடாது. வெளியே போகும் பாதை அதே ஒன்றுதான், அதை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். சில ரௌட்டர்களில் விருந்தாளிகளுக்கு வேக வரம்பு வைக்கலாம்.

அப்படியென்றால் பத்துப் பெயர் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒவ்வொரு வைஃபை பெயரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பெயர்கள் கூடக் கூட, வேலைக்கான நேரம் குறையும். மூன்று, நான்குக்கு மேல் தேவையில்லை.

போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்ய முடியுமா?

இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தால் பெரும்பாலும் முடியாது. போன், 'டிவி யாராவது இருக்கீங்களா?' என்று போடும் தண்டோரா அந்தப் பக்கம் கேட்காது. அடிக்கடி காஸ்ட் செய்யும் வீடு என்றால் டிவியைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளி ஏதாவது தப்பு செய்தால் எனக்குச் சம்பந்தம் இல்லைதானே?

அப்படி இல்லை. உள்ளே எத்தனை நெட்வொர்க் இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது உங்கள் கனெக்‌ஷன்தான். அதனால் விருந்தாளி பாஸ்வேர்டையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

இது போட்டால் ஹேக்கிங்கே நடக்காதா?

கேமராவின் பாஸ்வேர்டு '12345' ஆகவே இருந்தால், அதற்குள் நுழைவதை இது தடுக்காது. நுழைந்தவன் அடுத்த அறைக்குப் போவதைத்தான் தடுக்கும். பாஸ்வேர்டு மாற்றுவதும், அப்டேட் வந்தால் போடுவதும் எப்போதும் போலத் தேவை.

தாத்தா வைத்த பெயர்

எல்லாம் முடிந்தபின் தாத்தாவிடம் விளக்க முயன்றேன். வி-லேன், ஃபயர்வால் என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"இதுல என்னடி புதுசு? வழிப்போக்கன் வந்தா திண்ணையில உக்காரட்டும், தண்ணி குடிக்கட்டும், படுத்துத் தூங்கட்டும். தெரிஞ்சவன்னா கூடத்துக்கு வருவான். இரும்புப்பெட்டி இருக்கற அறைக்கு வீட்டு ஆளுங்கதான் போகணும். அந்தக் காலத்துல வீடு கட்டும்போதே இதையெல்லாம் யோசிச்சுத்தான் கட்டினாங்க. நீங்கதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போய் இரும்புப்பெட்டி மேல உக்கார வச்சீங்க."

இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் புதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. விருந்தாளி வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கின்றன. பெயர், 'திண்ணை'. மாடி வீட்டுப் பையனும் அதில்தான் கார்ட்டூன் பார்க்கிறான். தாத்தா நிம்மதியாகச் செய்தி பார்க்கிறார்.

அக்கா என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள். என்னவென்று எனக்குச் சொல்ல மாட்டாளாம்!